இயற்கையோடு இயைந்த வீடு: எளிய வழிகாட்டி

1. தண்ணீரோரம் இடம் பாருங்கள். தென்கேரளத்தில் ஆரியங்கோடென்றால் நெய்யாற்றோரம், வசதி கூடுதலென்றால் வெள்ளாயணிக் காயலோரம். வயலாக இருந்தால் விலை மலிவு. நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-லேயே வந்துவிட்டதே என்பவரிடம் வாதாடாதீர்கள். மண் லாரி ராத்திரியில்தான் வரும்.

2. குன்றை வெட்டி வயலை நிரப்புங்கள். ஒரே செலவில் இரண்டு இடமும் சமமாகிவிடும்.

3. கரையோரக் கைதைப் புதரை வேரோடு பிடுங்குங்கள். கரை இடியும். காங்கிரீட் சுவர் எழுப்புங்கள். சுவர் மொட்டையாகத் தெரிந்தால் நர்சரியிலிருந்து தொட்டிச்செடி வாங்கி வையுங்கள். பச்சை வந்தாயிற்று.

4. மேற்கே, தண்ணீரைப் பார்த்தபடி, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. மத்தியானம் இரண்டு மணிக்கு அறை அடுப்பாகும், ஏசி போடுங்கள். அப்போதும் கண் கூசும். கனத்த திரை போடுங்கள். இப்போது காயல் தெரியாது. பெரிய டிவி வாங்கி அதில் காயல் படம் ஓட விடுங்கள். கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில், பாறைச் சரிவை அதன் போக்கில் விட்டு வீடு கட்டினார். செங்கல் சுவரில் இடைவெளி விட்டுக் காற்றை உள்ளே வரவழைத்தார். பால்காய்ப்புக்கு வருகிறவர்களிடம் அவரைப் பற்றி உருக்கமாகப் பேசுங்கள். அதுவரை மேஸ்திரியிடம் அந்தப் பெயரை எடுக்காதீர்கள்.

5. கக்கூஸ் குழியை ஆற்றுப் பக்கமே தோண்டுங்கள். கிணறும் பக்கத்திலேயே இருக்கட்டும், குழாய்ச் செலவு மிச்சம்.

6. கரையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று விசாரிக்காதீர்கள், விசாரித்தால் தெரிந்துவிடும். கொச்சி மரடில் காயலோரம் விதியை மீறிக் கட்டிய நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்க 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்தார்கள். ஊரே டிவியில் பார்த்தது. அவற்றைக் கட்ட அனுமதி கொடுத்தது உள்ளூர் நிர்வாகம்தான். ஆகவே உங்கள் கையிலும் அனுமதி இருக்கிறது, பயமேன்?

7. இடவப்பாதி மழை வரும். 1958-இல் கட்டிய நெய்யாறு அணையில் ஷட்டரை உயர்த்துவார்கள். கீழே ஆறு பெருகி, தன் பழைய வழியில் உங்கள் வரவேற்பறைக்கு வரும். சோபாவை மாடிக்கு ஏற்றிவிட்டு, ஆறு அத்துமீறி நுழைந்ததாகப் பஞ்சாயத்தில் மனு கொடுங்கள். பத்திர நகலை இணைக்க மறக்காதீர்கள். ஆற்றிடம் பத்திரம் கிடையாது.