தானம் கொடுக்க வந்த கார்

பழைய கார் ஒன்றைப் புதுப்பிக்கப் புகுகிறவன், ஸ்பானரையும் கந்தல் துணியையும் தேடுவதற்கு முன்னால், அதே வம்சத்தைச் சேர்ந்ததும் அதைவிடச் சீர்கெட்டதுமான இன்னொரு காரை விலைக்கு வாங்கி, அதன் அவயவங்களைக் கழற்றி முன்னதற்குப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பது இத்துறைப் பெரியோர்கள் வகுத்த சம்பிரதாயம். மனிதர்கள் அவயவ தானம் செய்வதென்றால் முன்கூட்டிக் கையெழுத்துப் போட்டுச் சம்மதம் தருகிறார்கள். காரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் வசம் வந்து சேர்ந்தது, 1960-களின் நடுவில் வண்டலூரில் ஜனனமான, இரண்டே கதவுகள் கொண்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். அதன் பூர்வோத்தரம் ரசமானது. இங்கிலாந்தில் காரின் கூட்டைச் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனி 1953-ல் எதிர்முகாமின் கைக்குப் போய்விட்டதால், முழுக்கூட்டையும் ஒரே உடலாகச் செய்துதர ஆளில்லாத ஸ்டாண்டர்ட் கம்பெனியார், தனியாக ஒரு சேஸிஸைப் போட்டு, அதன்மேல் பல பட்டறைகளில் அடித்த தகடுகளைப் போல்ட்டால் முடுக்கிவிடுவது என்று தீர்மானித்தார்கள். இத்தாலியரான மிக்கலோட்டி அதற்கு ஓர் அழகான உருவம் கொடுக்க, 1959-ல் அங்கே டிரயம்ஃப் என்ற பெயரில் வெளிவந்து, 1961-ல் நம் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே போல்ட்டுகளைக் கழற்றினால் கார் தானே பிரிந்து கொடுக்கும் என்று எல்லோரும் எனக்குத் தைரியம் சொன்னார்கள். அரை நூற்றாண்டு ஐப்பசி மழையை வாங்கிய போல்ட்டு, எந்த மனிதனுக்குக் கழன்று கொடுக்கும் என்பதை அவர்கள் பிரஸ்தாபிக்கவில்லை.

தானம் கொடுக்க இன்னொரு ஹெரால்ட் அகப்படவில்லை; அகப்பட்டது அதன் தம்பியான கஸல். 1972 முதல் 1977 வரை இங்கே மட்டுமே உற்பத்தியான இந்தத் தம்பிக்கு அண்ணனின் அதே 948 சிசி எஞ்சின்தான். ஆனால் கதவு நான்கு, ஆகவே கதவு உதவாது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒன்றையொன்று லட்சியம் செய்யாமல் தனித்தனியே ஏறி இறங்குகிறவை. ஜாக்கி வைத்துத் தூக்கினால், விருந்துக்கு வந்த பெரியவர் சம்மணம் போடுவதுபோல இரண்டும் உள்ளே மடங்கிக் கொள்ளும். இதைக் கண்டு வாங்குகிறவர்களும் மெக்கானிக்குகளும் ஒருங்கே அவநம்பிக்கை கொண்டதால், கஸலுக்கு வழக்கமான, நேரான ஆக்ஸிலையே போட்டுவிட்டார்கள். ஆகவே பின்பக்கமும் உதவாது. இவ்வளவும் தெரிந்துதான் வாங்கினேன். இருதயம் பொருந்தினால் போதும், கைகால்களைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகள் பார்த்துக்கொள்ளும் என்பது என் சித்தாந்தம்.

கஸல் வந்து இறங்கிய அன்று சாயங்காலம், இரண்டையும் சுற்றிப் பார்த்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இதுல எது சாகப் போகுது?"

கேள்வியில் நியாயம் இருந்தது. மேஸ்திரி பேட்டரியை மாட்டியதும் கஸல் நாலைந்து முறை இருமிவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டது; ஆனால் எவருடைய புத்துயிருக்காக அது பிராணத்தியாகம் செய்ய வந்ததோ அந்த அண்ணனாரின் கதவைத் திறந்தால் கதவே கையோடு வந்துகொண்டிருந்தது. குடும்பத்தின் அனுதாபம் முழுவதும் ஒரே ராத்திரியில் கஸலின் பக்கம் சாய்ந்தது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள்கூட அதன் ஹாரனைத்தான் அடிக்க வந்தார்கள். "ஓடுகிறதைக் கொன்று ஓடாததை ஓட்டுவானேன்?" என்று என் மாமனார் கேட்டதற்கு, அழகு என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தோன்றவில்லை, அதை ஒரு மாமனாரிடம் சொல்வது சிரமம்.

இதற்கிடையில் எனக்கே ஒரு விசாரம் பிறந்தது. எஞ்சின் கஸலுடையது, ஆசனம் புதுப்பேட்டையுடையது, தரைத் தகடு டிங்கர் புதிதாக அடித்தது என்றால், மிஞ்சுகிற வஸ்து ஹெரால்ட்தானா? சரீரம் வேறு ஆத்மா வேறு என்று பெரியவர்கள் சொன்னது வாஸ்தவமானால், காரின் ஆத்மா எந்த இடத்தில் வாசம் செய்கிறது? மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் பீடியை அணைக்காமலே, "சேஸிஸ் நம்பர்தான் சார் வண்டி. மத்ததெல்லாம் சாமான்" என்றார். நான் படித்த வேதாந்தப் புஸ்தகங்களில் இவ்வளவு சுருக்கமாக எவரும் சொல்லவில்லை.

சர்க்காரின் மதம் சற்று வேறு. 2021-ல் வந்த விதிப்படி, ஐம்பது வயது கடந்த காருக்கு 20,000 ரூபாய் கட்டிப் புராதன வாகனம் என்ற அந்தஸ்தை வாங்கலாம். ஆனால் அது தன் ஆதி ரூபத்திலேயே இருக்க வேண்டும், பெரிய அளவில் எந்த மாற்றமும் செய்திருக்கக் கூடாது. இதை மேஸ்திரிக்கு வாசித்துக் காட்டியபோது ஹெரால்டின் கூடு கொல்லைச் சுவரில் சாய்ந்திருந்தது. சேஸிஸ் நான்கு செங்கல் அடுக்குகளின்மேல் இருந்தது. எஞ்சின் துணி துவைக்கிற கல்லின்மேல் இருந்தது. அவர் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "பெருசா என்ன சார் பண்ணிட்டோம்?" என்றார்.