வெயில் விற்கும் பெட்டி

டொராண்டோ

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து, கூழ்வடகம் ஊற்றி, காக்காய் விரட்ட ஒரு பொடியனை உட்கார வைத்தால் முடிகிற காரியத்துக்கு இங்கே மின்சாரப் பெட்டி விற்கிறார்கள். சிரித்துவிட்டு மேலே படியுங்கள். பழம் வெளியில் காய வேண்டுமானால் 30 டிகிரி வெயிலாவது வேண்டும், காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்து உணவுப் பாதுகாப்புக்காரர்களின் கணக்கு. இந்த ஊரில் ஜூலை மாதப் பகலே சராசரியாக 27 டிகிரிதான். ஜனவரியில் பால்கனியில் வைத்த மோர்மிளகாய், ஐஸ்மிளகாயாகத்தான் திரும்பி வரும். ஆகவே வெயிலைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ஊர் இது. எந்த வெயிலை வாங்குவது என்பதில்தான் சூட்சுமம்.

தட்டு எத்தனை, வாட் எத்தனை என்று சொல்லித்தான் விற்கிறார்கள். நான் விசிறி எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்வேன். ஆடிக்காற்றில் வானம் மூடியிருந்தாலும் கொடியில் போட்ட வேட்டி காய்ந்துவிடும். இலை அசையாத புழுக்கத்தில் சாயங்காலம் வரை நசநசக்கும். சூடு ஈரத்தைக் கிளப்பும். சுமந்துகொண்டு போவது காற்று. காற்று போதாமல் சூட்டை மட்டும் ஏற்றினால் பாகற்காய் வில்லையின் மேல்பக்கம் இறுகி, உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும். டப்பாவில் போட்டதும் பூசணம் பூக்கும். அதனால்தான் கறிவேப்பிலைக்கு 35 டிகிரி, காய்க்கு 52, பழத்துக்கு 57 என்று நிதானமாக வைக்கச் சொல்கிறார்கள். இட்லித்தட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வட்டப் பெட்டி விலை குறைவு. ஆனால் விசிறி பெரும்பாலும் அடியில் இருக்கும்: கீழ்த்தட்டு முறுகும்போது மேல்தட்டு வதங்கிக்கொண்டிருக்கும், தக்காளிச்சாறு மோட்டார் பக்கமே சொட்டும், நடுநடுவே தட்டை மாற்றிப் போட வேண்டும். பின்சுவரில் விசிறி வைத்த சதுரப் பெட்டியில் எல்லாத் தட்டுக்கும் ஏறக்குறைய ஒரே காற்று. காற்று சேராத பத்துத் தட்டு, பந்தியில் இலை போட்டுவிட்டுப் பரிமாற ஆள் வைக்காத கல்யாணம். வடகத்துக்கு ஓட்டைத்தட்டு ஆகாது. மேலே விரிக்கும் வழவழப்பான விரிப்பு சேர்த்துத் தருகிறார்களா என்றும் பார்க்க வேண்டும்.

'ஓவன் அடுப்பு இருக்கும்போது இது எதற்கு?' என்பீர்கள். அதில் பலவற்றின் மிகக் குறைந்த சூடே 75 டிகிரியைத் தாண்டும். அது காய வைப்பதில்லை, வேக வைக்கும். கரண்டு பில்லா? 500 வாட் பெட்டி பத்து மணி நேரம் ஓடினால், மிஞ்சிப்போனால் 5 யூனிட். ஒன்டாரியோவில் நேரத்துக்கு ஒரு கட்டணம் என்ற திட்டத்தில் இருப்பவர்களுக்கு இரவு ஏழுக்கு மேல் மலிவு. டைமர் உள்ள பெட்டியை ராத்திரியில் ஓடவிடலாம். ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் சுண்டைக்காய் வற்றலே பாக்கெட்டில் கிடைக்கிறதே என்பது நியாயமான கேள்வி. மாதம் ஒரு வற்றல்குழம்பு வைக்கிறவர்கள் பாக்கெட்டே வாங்கட்டும். பெட்டி அவர்களுக்கு அலமாரியை அடைக்கும் இரும்பு. ஆனால் செப்டம்பரில் தக்காளியைக் கூடை கூடையாக விற்கும் ஊர் இது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோ காய்ந்தால் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும், பனிக்காலம் முழுக்க ரசத்துக்கு ஆகும். பாதியாவது கருத்துக் குப்பைக்குப் போகும் கறிவேப்பிலைக் கட்டும் அப்படியே. வீணாவதைக் கணக்குப் போடுகிற வீட்டுக்குத்தான் இந்தப் பெட்டி லாபம்.

மோர்மிளகாய்க்கு உப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். 'கைக்கு வந்தபடி' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்கு இந்தப் பெட்டியில் பொத்தான் இல்லை.

அன்புடன்,
உங்கள் மகள்