நூத்தி ரெண்டுக்கு ஒரு பஞ்சாயத்து

மாப்ளே, கோவிச்சுக்கிறாதீக. நேத்து ராத்திரி நீங்க பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்தது கிழக்குத் தெரு வரைக்கும் கேட்டுச்சாம். உங்க புண்ணியத்துல இப்ப ஊருல எல்லாருக்கும் நூத்தி ரெண்டு எழுதத் தெரியும், உங்க மகளைத் தவிர.

அப்படி என்னத்தை எழுதிப்புடுச்சு? 1002ன்னு எழுதுச்சு. நூறுன்னீக, 100 போட்டுச்சு. ரெண்டுன்னீக, பக்கத்துல ஒரு 2 போட்டுச்சு. அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை, அதுக்குப் போயி குட்டு! இதே பிள்ளை அந்தக் காலத்துல பிறந்து ஓலையில எழுதியிருந்தா ஒருத்தன் வாய் திறந்திருக்க முடியாது. நம்ம பழைய தமிழ்க் கணக்குல பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ன்னு தனித்தனிக் குறி உண்டு. நூத்தி ரெண்டுன்னா ௱௨. அம்புட்டுத்தான் சோலி. வாய் சொல்ற வரிசையிலயே கையும் எழுதும், சைபருக்கு அங்க வேலையே இல்லை. உங்க மக அந்த வழியிலதான் போயிருக்கு. பாட்டன் முப்பாட்டனை எல்லாம் வரிசையா நிக்கவச்சுக் குட்டப் போறீகளா?

எண்ணு நிக்கிற இடத்தை வச்சே அதுக்கு மதிப்புப் போடுறதும், ஆளில்லாத இடத்துக்கு சைபரைக் காவல் வைக்கிறதும் பெரிய வித்தை மாப்ளே. குவாலியர் கோட்டையில சதுர்புஜர் கோயில்ல 876ஆம் வருசத்துக் கல்வெட்டு இருக்கு. சாமிக்கு விட்ட நந்தவனம் 270 முழம், நித்தம் 50 மாலைன்னு அதுல சைபர் போட்டே வெட்டியிருக்கான். அந்த வித்தையை பிபனாச்சின்னு ஒரு ஆளு புத்தகமா எழுதி இத்தாலிக்காரனுக்குச் சொன்னது 1202ல. சொன்னதும் ஏத்துக்கிட்டானா? 1299ல பிளாரன்ஸ் நகரத்துல காசு மாத்துற வியாபாரிக சங்கம், இந்த எண்ணுல யாரும் கணக்குப் புஸ்தகம் எழுதப்படாதுன்னு சட்டமே போட்டுச்சு. வேற யாரு, உங்க பேங்க்கார வர்க்கம்தான். நீங்களும் இன்னைக்கு வரைக்கும் செக்குல எண்ணால எழுதுனது பத்தாதுன்னு எழுத்தாலயும் எழுதச் சொல்றீகளே! வளர்ந்த ஆம்பளைக நம்பத் தயங்குன சங்கதியை ரெண்டாங்கிளாஸ் பிள்ளை ஒரே ராத்திரியில, அதுவும் சீரியலுக்கு நடுவுல, முழுங்கணும்ங்கிறீக.

கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதீக. கிளை நூலகத்துல பேப்பர் என் கைக்கு வர்றதுக்குள்ள ஒரு அலமாரி படிச்சிரலாம்.

டியூசன் டீச்சர் பிள்ளைக்கு இடமதிப்பு தண்ணிபட்ட பாடுன்னு சொன்னாகளாம். சரி, 16 புளியங்கொட்டையை அது முன்னாடி வையுங்க. எண்ணச் சொல்லுங்க, 16ன்னு எழுதச் சொல்லுங்க. அந்த 6ஐத் தொட்டு, இதுக்கு எத்தனை கொட்டைன்னு கேளுங்க. ஆறை ஒதுக்கிக் காட்டும். அடுத்து 1ஐத் தொட்டுக் கேளுங்க. அனேகமா ஒத்தைக் கொட்டையைத் தூக்கிக் காட்டும். மிச்சம் ஒன்பது அனாதையாக் கிடக்கும். ஆனா அதே வாயி, 1 பத்துகள் இடத்துல இருக்கு, 6 ஒன்றுகள் இடத்துல இருக்குன்னு பாட்டாப் பாடும்! கமின்னு ஒரு படிச்ச அம்மா அமெரிக்காவுல பிள்ளைகள்கிட்ட இப்படித்தான் கேட்டுப் பாத்திருக்கு. அங்கயும் இதே கூத்து. கட்டம் போட்டு, மேல தலைப்பு எழுதி, எண்ணை உள்ள தள்ளுறது மனப்பாடம். அதுல பத்து எங்க இருக்கு?

பத்து விளக்குமாத்துல இருக்கு. ஈர்க்குச்சியை ஒரே நீளமா ஒடிச்சு ஒரு குவியல் போட்டு எண்ணச் சொல்லுங்க. நாப்பதுக்கு மேல போகயில நீங்க குறுக்க ஏதாச்சும் பேசுங்க. அது உங்களுக்குக் கைவந்த கலை. எண்ணிக்கை விட்டுப்போகும், பிள்ளைக்கு எரிச்சல் வரும். அப்ப ரப்பர் பேண்டை நீட்டி, பத்துப் பத்தாக் கட்டுனா என்னான்னு கேளுங்க. கட்டுறது அதுதான் கட்டணும். கடையில வாங்குன பிளாஸ்டிக் கட்டைக்கு ஆயிரம் ரூவா குடுத்தாலும், அந்தப் பத்து அது கட்டுன பத்து இல்லை. ரூபா நோட்டை வச்சு ஆரம்பிக்காதீக. பத்து ரூவா நோட்டைக் கிழிச்சா உள்ள பத்துக் காசா இருக்கு? பத்து ஒத்த ரூவாயையும் ஒரு நோட்டையும் நீட்டுனா, விவரமான பிள்ளை காசைத்தான் அள்ளும். நோட்டெல்லாம் பின்னாடி.

கட்டப் பழகுனபெறகு அவுக்கப் பழகணும். 32ல 15ஐக் கழின்னா, மூணு கட்டும் ரெண்டு உதிரியும் இருக்கு. உதிரியில அஞ்சு எடுக்க முடியாது. ஒரு கட்டை அவுத்துவிட்டா உதிரி 12. அதுல அஞ்சு போனா ஏழு. மிச்ச ரெண்டு கட்டுல ஒண்ணு போனா ஒண்ணு. 17. இதைத்தான் நீங்க நேத்து, பக்கத்து வீட்டுல கடன் வாங்குன்னு கத்துனீக. வாங்குன கடனை எப்பத் திருப்பிக் குடுக்கணும்னு அது கேட்டுச்சு பாருங்க, எனக்குப் பெருமை தாங்கலை. பேங்க்ல வேலை பாத்துக்கிட்டு அதுக்குப் பதில் சொல்லாம முறைச்சீகளே.

அந்த 1002 வழக்குக்கு வருவோம். மொய் வச்சுட்டு வந்த கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டுங்க. மூணு விரல் அகலத்துல ஒண்ணு, அதுல 100. ஒரு விரல் அகலத்துல ஒண்ணு, அதுல 2. சின்னதை எடுத்து, 100ல கடைசி சைபர் மேல மூடச் சொல்லுங்க. 102. தூக்குனா சைபர் அடியில உக்காந்திருக்கும். நடு சைபர் மட்டும் அப்படியே நிக்கும், ஏன்னா நூறு போக தனியாப் பத்துக் கட்டு ஒண்ணுமில்லை. நூறு எங்கயும் போகலைன்னு பிள்ளை நாலு தடவை மூடித் தூக்கிப் பாக்கும். பாக்கட்டும், கையைத் தட்டிவிடாதீக.

விளக்குமாத்தை மட்டும் சொந்தக் காசுல புதுசா வாங்கிருங்க. புழக்கத்துல இருக்கிறதை உருவுனீகன்னா எம்மக அதை வேற விதமா உபயோகிப்பா, அதுக்கு மாமனார் ஜவாப்தாரி இல்லை. வாங்குறதையும் ரெண்டு மூணாவே வாங்குங்க. பத்துக் கட்டைச் சேத்து நூறு கட்டுனதும், உங்க மக நூறைப் பத்தாக் கட்டணும்னு நிக்கும்.