புளியம் விளாரின் புகழ்

நன்றியுரை என்ற ஒன்றைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரிந்தால் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்த ஆசை. கழுத்தைச் சுற்றி, கொஞ்சம் இறுக்கமாக.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் 1996 பிளஸ் டூ செட்டின் முப்பதாம் ஆண்டுச் சந்திப்பு. திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். வாசலில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு. உள்ளே சுவரை மறைத்து ஃபிளெக்ஸ் பேனர். அதில் எங்கள் தலைகளை வட்ட வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். தலைக்கு 2,500 ரூபாய் வசூல். இந்த வசூலுக்கு வரவு செலவு கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். அதற்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த மைக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

2018-ல் ‘96’ படம் வந்ததிலிருந்தே எங்கள் செட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வருஷம் ஒத்துப்போகிறதாம், ஆகவே அது எங்கள் கதையாம். அந்தப் படத்தில் வருவது தஞ்சாவூரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த பள்ளி. நாங்கள் படித்தது ஆண்கள் மேல்நிலைப்பள்ளி. ஏழு வருஷத்தில் வளாகத்துக்குள் நாங்கள் பார்த்த ஒரே பெண்மணி சத்துணவுக்கூடத்து ஆயாம்மா. அவரும் எங்களைக் கரண்டியோடு துரத்தியிருக்கிறாரே தவிர, ஜானகி பாட்டெல்லாம் பாடியதில்லை.

முதலில் மைக்கைப் பிடித்தவன், பிரிவு உபசார விழாவில் நாமெல்லாம் தோளில் கைபோட்டுக்கொண்டு ‘காதல் தேசம்’ படத்து நட்புப் பாட்டைப் பாடி அழுதோமே என்று தழுதழுத்தான். மண்டபமே சேர்ந்து தழுதழுத்தது. நாங்கள் பள்ளியைவிட்டுப் போனது 1996 மார்ச். ‘காதல் தேசம்’ வந்தது அந்த வருஷம் ஆகஸ்ட். இதைப் பக்கத்து நாற்காலியில் இருந்தவனிடம் சொன்னேன். “மாப்ள, உனக்கெல்லாம் ஃபீலிங்கே கிடையாதுடா” என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டான். அன்று உண்மையில் பாடியது ‘இரத்தத் திலகம்’ படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாட்டு. 1963-ல் வந்த படம். எங்களுக்கு முந்தைய எல்லா செட்டும் அதைத்தான் பாடிவிட்டுப் போயிருந்தது. பாடியவனுக்குச் சரணம் மறந்துபோய், பின்னாலிருந்து பி.டி. சார் எடுத்துக் கொடுத்தார். ஒருத்தனும் அழவில்லை. மிக்சர் பொட்டலத்தை முன்வரிசையோடு முடித்துவிடுவார்களோ என்ற கவலையில் எல்லாரும் கதவுப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் செட்டின் அழுகையெல்லாம் சர்க்கரை வந்த பிறகு வந்ததுதான்.

அதுகூடப் போகட்டும். அடுத்து வந்தவன் ஆரம்பித்தான்: “அன்னிக்குக் கணக்கு சார் அடிச்சாரே, அந்த ஒரு அடி... அந்த ஒரு அடிதான் இன்னிக்கு என்னை இந்த இடத்துல நிறுத்தியிருக்கு.”

கைதட்டல். மேடையில் பொன்னாடைக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்த கணக்கு சார் என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து பார்த்தார். எண்பதைத் தாண்டியவர், காது மந்தம். அதற்கப்புறம் ஏறிய அத்தனை பேருக்கும் அதே வாக்கியம்தான். வங்கி அதிகாரி, வி.ஏ.ஓ., எல்.ஐ.சி. முகவர், ரோடு கான்டிராக்டர், சிங்கப்பூரிலிருந்து இதற்காகவே லீவு போட்டு வந்தவன், ஒன்றியக் கவுன்சிலர். பாடத்தின் பெயர் மட்டும் மாறியது. பௌதிக சார் அடித்த அந்த ஒரு அடி. தமிழய்யா அடித்த அந்த ஒரு அடி.

எந்த ஒரு அடி? வங்கி அதிகாரிக்குப் பின் பெஞ்சில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். அப்போது பிளஸ் டூவில் ஒரு பாடத்துக்கு 200 மார்க், தேற 70. எழுபதுக்கு எத்தனை குறைகிறதோ அத்தனை அடி என்பது கணக்கு சாரின் கணக்கு. இவன் காலாண்டுத் தேர்வில் வாங்கியது 38. மீதி முப்பத்திரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் சாருக்குத் தோள்பட்டை இறங்கிவிடும் என்பதால், நாளுக்கு எட்டு வீதம் தவணையில் கொடுத்தார். நடுவில் ஒருநாள் இவன் காய்ச்சல் என்று மட்டம் போட, மறுநாள் பாக்கியையும் சேர்த்து வசூலித்தார். இப்போது அவன் கடன் பிரிவில் இருக்கிறான். தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை அவனுக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது. அதை நன்றியோடு சொல்லியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

அடி என்று பொத்தாம்பொதுவாகப் பேசிவிட்டுப் போகிறார்கள். அதில் எத்தனை தினுசு! ஆறிலிருந்து பத்து வரை காக்கி அரை டிராயர். கெண்டைக்கால் திறந்து கிடக்கும். அதற்கென்றே பிறந்தது புளியம் விளார். இலையை உருவிவிட்டுக் காற்றில் ஒரு வீசு வீசினால் வரும் சத்தத்திலேயே முன்வரிசைக்குப் பாதிப் பாடம் ஏறிவிடும். பிளஸ் ஒன்னில் முழு பேண்ட் வந்தது. கால் தப்பித்தது என்று நினைத்தோம்; அடி உள்ளங்கைக்கு இடம் மாறியது. உள்ளங்கைக்கு விளார் தோதுப்படாது, அதற்குப் பிரம்பு. அது ஹெட்மாஸ்டர் அறையில் பீரோவுக்கு மேல் எண்ணெய் போட்டு வைத்திருக்கும். கையைத் திருப்பச் சொல்லி விரல் முட்டியில் வைப்பது ரூல்தடி. மூங்கில் பிளாச்சு அடிக்கும்போது விரிந்து, எடுக்கும்போது தோலைக் கவ்விக்கொண்டு வரும். ஒரே செலவில் இரண்டு வேலை. டஸ்டர் தொலைதூர ஆயுதம். குறி தப்பினால் பக்கத்தில் இருப்பவனுக்கு, தப்பாவிட்டால் உரியவனுக்கு. எப்படியும் வீண் போகாது.

பிரம்பைத் தவிர மற்றதற்கெல்லாம் கொள்முதல் எங்கள் தலையில்தான். அடி வாங்கப் போகிறவனையே அனுப்பி வெட்டிவரச் சொல்வார்கள். கான்டிராக்டர் இருக்கிறானே, அவன் அன்றைக்கே விவரம். வாய்க்கால் ஓரம் நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிக் கிடக்கும். பார்க்கத் தடி மாதிரி இருக்கும், உள்ளே கூடு. முதல் அடியிலேயே பட்டென்று போய்விடும். அதை வெட்டிக்கொண்டு வந்து நீட்டினான். சார் அதை முட்டியில் வைத்து இரண்டாக ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, “புளிய மரத்துக்கு வழி தெரியுமா, நான் கூட வரணுமா?” என்று கேட்டார். இப்போது எங்கள் தெருவுக்குத் தார் ரோடு போட்டவன் அவன்தான். போட்டு ஒரு மழைதான் ஆகியிருக்கிறது. சார் கண்பார்வை சரியாக இருந்தால் அதையும் முட்டியில் வைத்துப் பார்த்திருப்பார்.

தற்காப்புக் கலையும் இருந்தது. நீளமான தலைமயிர் ஒன்றை உள்ளங்கையில் குறுக்கே வைத்துக்கொண்டால் பிரம்பு ஒடிந்துவிடும் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு நம்பிக்கை. பிரம்பு ஒடிந்து நான் பார்த்ததில்லை. மயிர்தான் காணாமல் போகும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் வழுக்கும் என்றான் ஒருவன். வழுக்கியது. வழுக்கி மணிக்கட்டில் விழுந்தது. டிராயருக்குள் அட்லஸ் வைத்துக்கொண்டு போனவனும் உண்டு. முதல் அடியில் எழுந்த சத்தத்தில் குட்டு உடைந்து, ஏழு கண்டத்துக்கும் சேர்த்து வாங்கினான்.

வீட்டில் போய்ச் சொல்லலாம் என்றால் அங்கே அப்பாக்கள் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டவர்கள். “கண்ணை மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல தோலை உரிச்சிடுங்க சார்.” இத்தனை அடியும் அடித்து முடித்து, கடைசியில் டி.சி.யில் ‘நடத்தை: நன்று’ என்று எழுதிக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் நன்று. அட்லஸ்காரனுக்கும் நன்று. எங்கள் செட்டில் இவ்வளவு நல்லவர்கள் இருந்தார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு புளிய மரமாவது தழைத்திருக்கும்.

சிங்கப்பூர்க்காரன் விஷயத்துக்கு வருவோம். பௌதிக சார் விட்ட அறைதான் தன்னை விமானம் ஏற்றியது என்றான். அவனை விமானம் ஏற்றியது அவன் தாய்மாமன். ஏஜெண்டுக்குக் கட்ட நிலத்தை ஒத்திக்கு வைத்தவர். அவருக்குப் பொன்னாடையும் இல்லை, அழைப்பும் இல்லை. வி.ஏ.ஓ. நண்பன் குரூப் தேர்வுக்கு மூன்று வருஷம் நூலகத்தில் தவம் கிடந்தான். அந்த மூன்று வருஷத்தைப் பற்றி மேடையில் மூச்சில்லை. பத்தாம் வகுப்பில் முட்டிபோட்டதைப் பற்றி ஆறு நிமிஷம். கவுன்சிலர் ‘அடியாத மாடு படியாது’ என்றார். படிந்த மாடு கடைசியில் என்ன செய்தது? வண்டி இழுத்தது.

எரிச்சல் இங்கேதான் தலைக்கேறியது. “இப்பல்லாம் வாத்தியாருங்களை அடிக்க விடமாட்டேங்கிறாங்க, அதான் பசங்க கெட்டுப் போயிட்டாங்க” என்று அடுத்த ராகத்தை எடுத்தார்கள். 2009-ல் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. அதன் 17-ஆம் பிரிவு பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனத்தால் வதைக்கவும் கூடாது என்கிறது. 2010 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது. அந்தச் சட்டத்தைப் பெரிய குரலில் திட்டிய எல்.ஐ.சி. நண்பன் போன வருஷம் என்ன செய்தான் தெரியுமா? அவன் பையனை வகுப்பில் ஒரு டீச்சர் ‘எருமை’ என்று சொல்லிவிட்டார் என்று இரண்டு வக்கீலோடு போய் பிரின்சிபால் அறையில் உட்கார்ந்தான். தன் முதுகுக்குப் பொன்னாடை, பிள்ளை முதுகுக்கு வக்கீல். செய்தது சரிதான், நானும் போயிருப்பேன். ஆனால் அதைச் செய்தவன் மைக்கில் புளியம் விளாருக்குப் பல்லாண்டு பாடக் கூடாது.

ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். மைக் செட் போட வந்தவர். பார்த்த முகமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பு வரை எங்களோடு படித்தவன்! வாய்ப்பாடு திக்கும், கணக்கு சார் வகுப்பென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடுவான். அரைப்பரீட்சைக்கு அப்புறம் வரவேயில்லை. “பயமா இருந்துச்சு, அப்படியே நின்னுட்டேன். அப்புறம் பேரை எடுத்துட்டாங்க” என்றான். என்னை வாங்க போங்க என்றுதான் பேசினான், எவ்வளவு சொல்லியும் ‘டா’ வரவில்லை. அவன் எண் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் கிடையாது. ஏனென்று நிர்வாகியிடம் கேட்டேன். “அவன் பிளஸ் டூ முடிக்கலையேடா” என்றார். அடி வாங்கி அதிகாரி ஆனவன்தான் மேடையேறி அடியின் பெருமையைப் பேசுவான். அடிக்குப் பயந்து ஓடியவனைப் பேச யார் கூப்பிட்டார்கள்? ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவு நிறைய இருந்தவர்கள் பிளஸ் டூ குரூப் போட்டோவில் ஒரு பெஞ்சுக்கும் ஒரு வரிசை நாற்காலிக்கும் அடங்கிப்போனார்களே, மீதிப் பேரெல்லாம் எங்கே என்று முப்பது வருஷத்தில் யாரும் மைக்கில் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். யார் பேச்சிலாவது ‘அந்த ஒரு அடி’ வந்தால் ஸ்பீக்கர் சட்டென்று கம்மிவிடும். வயர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவனிடம் கேட்டேன். “அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் இரையுதுங்க, அதான் குறைக்கிறேன்” என்றான், முகத்தில் எதையும் காட்டாமல்.

கடைசியாக ஏற்புரை. கணக்கு சாரைக் கைத்தாங்கலாக எழுப்பி மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வங்கி அதிகாரி அவர் காதோரம் குனிந்து, “சார், நீங்க அடிச்ச அடியைத்தான் எல்லாரும் சொல்றோம்” என்று கத்தினான். சார் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“நான் யாரையும் அடிச்சதா ஞாபகம் இல்லையேப்பா. பக்கத்து கிளாஸ் சாரா இருக்கும்.”

அந்த 2,500 ரூபாய்க் கணக்குக்கு வருகிறேன். பேனரில் ஒரு மணிக்குப் பந்தி என்று போட்டிருந்தது. உட்காரும்போது மூன்றேகால். அப்பளம் தீர்ந்துபோயிருந்தது, ரசம் பச்சைத்தண்ணீராக ஆறியிருந்தது. உங்கள் செட்டுக்கும் இந்த வருஷமோ அடுத்த வருஷமோ சந்திப்பு வைப்பார்கள், உங்கள் கையிலும் மைக்கைத் திணிப்பார்கள். சார் நடத்திய பாடத்தில் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு சூத்திரமாவது, நினைவிருந்தால் அதைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். இல்லையென்றால் பேசாமல் சாப்பிடப் போங்கள், பின்னால் ஆள் காத்திருக்கிறது.