கதவ மூடுறா பேராண்டி!

நாளைக்குக் காலைல 9 மணிலேர்ந்து சாயங்காலம் 5 மணி வரைக்கும் கரண்டு கெடையாதாம், பராமரிப்பு வேலையாம். பேப்பர்ல போட்டுக்கீறான். அதுக்கு உன் மூஞ்சி ஏன்டா சுருங்குது பேராண்டி? ஈபிகாரன் வந்து உன் டபுள் டோர் ஃபிரிட்ஜத் தூக்கிகினு போறேன்னா சொன்னான்?

நாளைக்கு நீ இன்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியும். கரண்டு போன அஞ்சாவது நிமிஷம் போயி கதவத் தொறப்ப. "சில்லுனு கீதான்னு பாக்குறேன் தாத்தா"ம்ப. அப்பால கால் மணிக்கு ஒரு தபா. புது மாப்பிள்ளை மாமியார் ஊட்டு அடுப்படிய எட்டி எட்டிப் பாக்குற மாதிரி. நீ பாக்கப் பாக்கக் குளிர்ச்சி ஏறாதுடா, எறங்கும். குளுந்த காத்துக்குக் கனம் ஜாஸ்தி. தொறந்ததும் உன் கால் வழியா தரைல கொட்டிகினு போயிடும். அந்த எடத்துல நம்ம கடம்பத்தூர் வெயிலு வந்து குந்திக்கும்.

தொறக்காம வச்சா கீழ்த்தட்டு 4 மணி நேரம் தாங்கும். ஃப்ரீசர் முழுசா ரொம்பி இருந்தா 48 மணி நேரம், பாதின்னா 24. இது அமெரிக்காகாரன் போட்ட கணக்கு. அவன் ஊரு காத்து வேற, நம்ம சித்திர மாசத்துக் காத்து வேற. கொஞ்சம் கொறச்சே நம்பு. ஆனா உன் ஃப்ரீசர்ல கீறது ஒரு பட்டாணி பாக்கெட்டு, மிச்சமெல்லாம் காத்து. காத்த பத்திரமா வைக்கவா தவணை கட்டிகினு கீற?

நான் சைக்கிள்ல ஐஸ் பொட்டி கட்டிகினு செஞ்சி பானம்பாக்கம், மணவூருன்னு சுத்துனவன். எந்தப் புள்ள ஓடியாந்தாலும் மொதல்ல காச வாங்குவேன். செவப்பா, பாலான்னு கேப்பேன். பதில் வந்தப்புறம்தான் மூடிய எடுப்பேன். நீ கதவத் தொறந்து வச்சிகினு, உள்ள தலைய வுட்டு, "இன்னா துன்னலாம்"னு யோசிக்கிற. அத வெளிய நின்னுகினு யோசிடா. எடுக்க வேண்டியத ஒரே தபா எடு, மூடு.

பட்டணத்துல ஐஸ் ஹவுஸ்னு ஒரு பஸ் ஸ்டாப்பு கீதே, அந்தப் பேரு எப்படி வந்துச்சு தெரியுமா? பாஸ்டன்ல டியூடர்னு ஒரு வியாபாரி. பனிக்காலத்துல ஒறைஞ்ச ஏரிய அறுத்து, மரத்தூள் போட்டு மூட்டம் கட்டி, கப்பல்ல ஏத்தி ஊரு ஊரா வித்தவன். 1833ல கல்கத்தாவுக்கு மொதக் கப்பல் வந்துச்சு. ஏத்துனது சுமார் 180 டன். கிட்டத்தட்ட நாலு மாசம் கடல்ல. எறங்குறப்ப 100 டன் போல மிச்சம். 1842ல மெட்ராஸ் கடற்கரையோரம் குடோன் கட்டிட்டான், அதான் ஐஸ் ஹவுஸ். 1870கள்ல இங்கயே மெஷின்ல ஐஸ் பண்ண ஆரம்பிச்சதும் அவன் கடை மூடிச்சு. அப்பால 1897ல விவேகானந்தர் வந்து அந்தக் கட்டடத்துலதான் தங்குனாரு. அத வுடு. கரண்டையே பாக்காதவன், வெறும் மரத்தூள வச்சிகினு பூமத்திய ரேகையத் தாண்டி ஐஸ் கொணாந்தான். உன்னால ஒரு பால் பாக்கெட்ட மத்தியானம் வரைக்கும் காப்பாத்த முடியல.

ஐஸுக்கு அவ்ளோ வீம்பு. ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணியாவ எவ்ளோ சூட்டக் குடிக்குதோ, அதே சூட்டுல ஒரு லிட்டர் ஐஸ் தண்ணிய 80 டிகிரி வரைக்கும் காச்சிடலாம். அதெல்லாம் குடிச்சி முடிக்கிற வரைக்கும் தான் மட்டும் சைபர் டிகிரிலயே குந்திகினு கீறும். பள்ளிக்கூடத்துல நடத்துனாங்களே, உள்ளுறை வெப்பம்னு. நீ அன்னிக்கு ஜன்னல் வழியா ரயில் பாத்துகினு இருந்திருப்ப.

ஆவட்டும், வேலைக்கு வருவோம். பிளாஸ்டிக் பாட்டில் எடு, கண்ணாடி வாணாம். கழுத்து வரைக்கும் ரொப்பாதே. தண்ணி ஒறைஞ்சா 9 சதவீதம் போல ஊதும், பாட்டில் வெடிக்கும். ஃப்ரீசர்ல காலி எடமெல்லாம் பாட்டிலா அடுக்கு, காத்து வர ஓட்டைய மட்டும் அடைக்காதே. கரண்டு போனதும் ரெண்டு பாட்டில எடுத்துக் கீழ்த்தட்டுல மேல் வரிசைல வை. குளிர்ச்சி மேலேர்ந்து கீழதான் எறங்கும், நம்ம ஊரு பெரிய மனுசன் மாதிரி மேலேயே நின்னுக்காது. எவனாவது தண்ணில உப்புப் போடுன்னு சொன்னா கேக்காதே. உப்பு ஐஸ் சைபருக்கும் கீழ போவும், குல்ஃபிக்கு சரி, பக்கத்துல கீற கீரையும் தக்காளியும் கருகிப்புடும்.

குடிக்கிற தண்ணியாவே ரொப்பு. 2016 டிசம்பர் 12ல வர்தா புயல் அடிச்சப்ப ஞாபகம் கீதா? கம்பமெல்லாம் சாஞ்சி நாள் கணக்கா இருட்டு. ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு சொன்னதுக்கு அடுத்த மாசம் வேற. மோட்டார் ஓடல, டேங்க்ல தண்ணி இல்ல. பாட்டில ஒறைய வச்சிருந்தவன் உருக உருகக் குடிச்சான்.

உங்க ஆயாவோட இன்சுலின் ஊசிய மட்டும் ஐஸ்மேல சாத்தி வைக்காதே. அது ஒறைஞ்சா குப்பதான். தடுப்பூசி போடுற நர்சம்மா கிட்ட கேளு. ஐஸ் பேக்க எடுத்ததும் பொட்டில போட மாட்டாங்க. வெளிய வச்சி, ஆட்டுனா உள்ள தண்ணி களக்குன்னு ஆடுற வரைக்கும் காத்துகினு இருந்து அப்பால வைப்பாங்க. நீ துணில சுத்தி, தள்ளி வை.

இன்னொண்ணு. நீ கும்மிடிப்பூண்டில ஷிப்ட்டு பாக்குற நேரத்துல கரண்டு போயி வந்துட்டா உனக்கு எப்படித் தெரியும்? உங்க கம்பெனில ஜெனரேட்டர் கீது, ஊட்டு இன்வெர்ட்டர் ஃபேன் சுத்தவே மூச்சு வாங்குது. ஒரு டம்ளர் தண்ணிய ஒறைய வச்சி, மேல ஒரு ரூபாக் காச வை. வந்து பாக்குறப்ப காசு அடில கெடந்தா, எல்லாம் உருகி மறுபடி ஒறைஞ்சிக்கீதுன்னு அர்த்தம். அப்ப உள்ள கறியோ மீனோ இருந்தா மோந்து பாத்து "நல்லாத்தான் கீது"ன்னு சொல்லாதே. வயித்தக் கெடுக்கற கிருமி எல்லாம் நாத்தம் அடிச்சி சொல்லிட்டு வராது. ரெண்டு மணி நேரத்துக்கு மேல சூடேறி இருந்தா வெளிய கொட்டு. பால் பாழாவறதுக்கு முன்ன காச்சி ஒற ஊத்து. மாவு பொங்குனா இட்லி ஊத்து. ஊறுகாயும் புளியும் உள்ள இன்னா பண்ணுது? எங்க காலத்துலேர்ந்து பரண்ல கெடந்து பழகுனதுங்க, வெளிய எடு.

இப்ப மணி ஆறு. ரெண்டு லிட்டர் பாட்டில் கெட்டியா ஒறைய ஒரு நாள் முழுசா வேணும், நாளைக் காலைக்கு ஆவாது. அரை லிட்டர் பாட்டிலா எடுத்து இப்பவே ரொப்பி வை. டேய், கதவத் தொறந்து வச்சிகினு அங்கேர்ந்து என்னாண்ட பேசாதே. மூடிட்டு வந்து பேசு.