இரண்டு குச்சி ரேம் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
பட்டாசுக் கம்பெனிக் கணக்கர் ஒருவர்,
நாரணாபுரம், சிவகாசி வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
இந்திய செமிகண்டக்டர் மிஷன்,
புது தில்லி.

பொருள்: 8 ஜிபி டிடிஆர்4 ரேம் இரண்டு குச்சி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்களது ரூ.76,000 கோடித் திட்டம், டிசம்பர் 2021. 2. எங்களது ரூ.50,000 திட்டம், தீபாவளி போனஸ் மற்றும் சீட்டுப் பணம்.

ஐயா,

பார்வையில் கண்ட இரண்டு திட்டங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 76,000, 50,000. நடுவில் ‘கோடி’ என்று ஒரு சொல்தான் இடிக்கிறது. ஆகவே ஒரு முதலீட்டாளர் இன்னொரு முதலீட்டாளருக்கு எழுதுவதாக இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் ஊர் நாரணாபுரம், சிவகாசிக்குப் பக்கம். தில்லியில் தீபாவளிக்கு வெடித்தாலும் வெடிக்காவிட்டாலும் வழக்கு எங்கள் பிழைப்பின் மேல்தான் நடக்கும் என்பதால் கேள்விப்பட்டிருப்பீர்கள். நேரு எங்களைக் ‘குட்டி ஜப்பான்’ என்று பாராட்டியதாகச் சொல்லித்தான் இங்கே ஒவ்வொரு பிள்ளையையும் வளர்க்கிறோம். பெரிய ஜப்பானில் மெமரி சிப் செய்கிறார்கள். குட்டி ஜப்பானில் அதை வாங்க வழியில்லை. விண்ணப்பத்தின் சாரம் இவ்வளவுதான். கோப்பில் வைக்க வசதியாக விவரத்தையும் எழுதிவிடுகிறேன்.

என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. கேமிங் பிசி ஒன்று அசெம்பிள் பண்ண வேண்டும் என்று போன வருஷமே ஆரம்பித்துவிட்டான். விளையாட்டுக்கு ஐம்பதாயிரமா என்று நான் சத்தம் போட்டபோது எதிர்த்துப் பேசவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டத்தைப் போனில் எடுத்துக் காட்டினான். காசு வைத்து ஆடுவதற்குத் தடை. இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம், ஊக்கம். சர்க்காரே ஊக்குவிக்கிற காரியத்தைப் பெற்ற தகப்பன் தடுத்தால் நன்றாக இருக்குமா? கம்ப்யூட்டரை யார் வாங்கித் தருவது என்பதற்கு மட்டும் அந்தச் சட்டத்தில் பிரிவு இல்லை. மாநில அரசு 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது, நல்ல காரியம். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் கிராபிக்ஸ் கார்டு எங்கே என்றும் கேட்கக் கூடாது.

பட்ஜெட்டில் பிசி போடுவது அப்பாவுக்குப் புரியாது என்று அவன் நினைத்திருந்தான். வருஷா வருஷம் கிஃப்ட் பாக்ஸுக்கு விலை போடுகிறவன் நான். ஆர்டர் கொடுப்பவர், இத்தனை ரூபாய்க்குள் பெட்டி, ஐட்டம் மட்டும் நிறையத் தெரியணும் என்பார். பாம்பு மாத்திரை, சாட்டை, பென்சில், ரோல் கேப் என்று எண்ணிக்கையை ஏற்றினால் ‘40 ஐட்டம்’ என்று மூடியில் அச்சடித்துவிடலாம். வீட்டில் பிரித்த பிறகு வெடிக்க ஒன்றும் இருக்காது. நேர்மையாகப் போடுகிற பெட்டியில் நல்ல பேன்ஸி ஷாட் ஒன்று இருக்கும். பணத்தில் பெரும்பங்கை அதுவே தின்னும். மிச்சத்தில் பூச்சட்டி, சக்கரம், கொஞ்சம் லட்சுமி வெடி. கேமிங் பிசிக்கும் அதே கணக்குத்தான். கிராபிக்ஸ் கார்டு பேன்ஸி ஷாட். மற்றதெல்லாம் அதற்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும்.

சிவகாசியில் ஒரு கடையில், பெயர் வேண்டாம், எங்களுக்கு முதலில் காட்டியது பாம்பு மாத்திரைப் பெட்டிதான். ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், 4 ஜிபி கிராபிக்ஸ், நாலு கலர் ஃபேன், மொத்தம் இருபத்திரண்டாயிரம். பாதிப் பணம் மிச்சமாகிறதே என்று எனக்குக் கை துறுதுறுத்தது. மகன் காதோரம் சொன்னான்: “ப்பா, ஐ7-னு பேருதான். மூணாம் தலைமுறை. 2012-ல வந்தது.” அந்தத் தலைமுறையை விண்டோஸ் 11 சேர்த்துக்கொள்வதில்லை. விண்டோஸ் 10-க்கோ மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு கதவைச் சாத்திவிட்டது. 4 ஜிபி கிராபிக்ஸ் என்று அவர்கள் சொன்னது ஜிடி 730, 2014-இல் வந்த கார்டு. நாலு ஜிபி இருக்கும். அதை நிரப்பி விளையாட்டை ஓட்டத் திராணி இருக்காது. எம்ஆர்பியில் பாதிக்குத் தருகிறோம் என்று வேறு சொன்னார்கள். எண்பது சதவீதத் தள்ளுபடி என்று பிரைஸ் லிஸ்ட் அடிக்கிற ஊரில் நின்றுகொண்டு!

அடுத்து எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி. கேபினட் வாங்கினால் அது இலவசம் என்றார் கடைக்காரர். ஐயா, வெடிக்கக் கூடிய எதையும் எங்கள் பக்கம் யாரும் இலவசமாகத் தருவதில்லை, தந்தாலும் நாங்கள் வாங்குவதில்லை. வெளியே ‘500 வாட்’ என்று கொட்டை எழுத்து. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கச் சொன்னான் மகன். +12 வோல்ட் என்ற கட்டத்தில் 18 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பிரதானமாகத் தின்பது இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று இந்தக் காலத்து மெஷின் அதிகம் தொடாத கட்டங்களில் கிடந்தது. கையில் தூக்கினால் கனமே இல்லை. எங்களுக்கு வெடிமருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் வைக்கக் கூடாது, போர்மேனுக்குச் சான்றிதழ் வேண்டும், அறைக்கு அறை இடைவெளி வேண்டும். எல்லாவற்றையும் அளந்து பார்க்க வெடிபொருள் துறைக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் உண்டு. அந்த 500-க்கும் 216-க்கும் நடுவில் என்ன ஆயிற்று என்று யாராவது வந்து கேட்டதுண்டா என்று விசாரித்தேன். கடைக்காரருக்கு அப்படி எதுவும் நினைவில்லை.

கடைசியில் நாலாயிரம் கொடுத்து 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை போட்டதை வாங்கினோம். ரைசன் 5 5600 பிராசசர் 65 வாட் ரகம், ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். மற்றதையெல்லாம் கூட்டினாலும் தாராளம்.

கேபினட்டில் ஒரு சின்னச் சண்டை. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஆர்ஜிபி விளக்கு, பார்த்தவுடன் அவனுக்கே மனசு போய்விட்டது. நான்தான் தடுத்தேன். விருதுநகர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் காற்றுப் போகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கிராபிக்ஸ் கார்டு என்ன பாடுபடும்? மேலும் கலர் பார்க்கக் காசு கொடுத்து டப்பா வாங்க வேண்டிய ஊரா இது? (பேரியம் உப்பு போடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதிலிருந்து எங்களுக்குப் பச்சைக் கலரே தலைவலி. ஆர்ஜிபியில் பச்சைக்கு இன்னும் தடை வரவில்லை.) முன்பக்கம் வலை வைத்த சாதாரணக் கேபினட் போதும் என்று முடிந்தது.

கார்டு இருபதாயிரத்துச் சொச்சம், பிராசசர் ஒன்பதரை, பி450 போர்டு ஐந்தரை, எஸ்எஸ்டி, கேபினட், எஸ்எம்பிஎஸ். மானிட்டர் மட்டும் கம்பெனியில் கழித்துப் போட்ட பழையது. கணக்கர் என்பதால் இன்னொன்றும் போட்டுப் பார்த்தேன். ஐம்பதாயிரம் ரூபாய் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி 7,627 ரூபாய். நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றும் நல்ல கேபினட் ஒன்றும் வாங்குகிற காசு. பட்டாசுக்கும் அதே 18தான், ஆகவே பாரபட்சம் என்று சொல்ல மாட்டேன்.

இத்தனையும் சேர்ந்து பட்ஜெட்டில் ரேமுக்கு மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. திட்டம் போட்ட ஆடி மாதத்தில் அது சரியான தொகை. வாங்கப் போன தை மாதத்தில் சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் அதைப் போல மூன்று மடங்கு. இன்றைக்கு ராத்திரிக்குள் சொன்னால் இந்த விலை, நாளைக்கு வேறு விலை என்றும் சேர்த்துச் சொன்னார்கள். தங்கம் வாங்கப் போனால்கூட எனக்கு இப்படி வேர்த்ததில்லை.

ஏன் என்று விசாரித்ததில் உங்கள் வாசலில் வந்து நிற்கிறேன். ரேமில் இருப்பது டிராம் சிப். உலகத்து டிராம் சிப்பில் மிகப் பெரும் பகுதியைச் செய்வது மூன்றே கம்பெனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கு எச்பிஎம் என்று ஒரு ரகம் தேவைப்படுகிறது. அதே அளவு சாதாரண ரேம் செய்வதைவிட அதற்கு ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கான் வேஃபர் போகும். லாபமும் அங்கேதான். ஆகவே மூவரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் ஒரு படி மேலே போய், எங்களைப் போன்றவர்கள் வாங்கும் ‘குரூஷியல்’ என்ற சில்லறை வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பர் 3-ஆம் தேதி அறிவித்தது. வியாபாரி லாபம் வருகிற பக்கம் போவான். அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் வியாபாரிகளிடம் சம்பளம் வாங்குகிறவன்தான்.

இடிப்பது மானியக் கணக்கு. அதே மைக்ரானுக்காகக் குஜராத்தில் சானந்தில் ஓர் ஆலை. 2023 ஜூனில் அறிவித்தபடி மொத்த முதலீடு 275 கோடி டாலர். அதில் மைக்ரான் போடுவது 82.5 கோடி வரை. நூறு ரூபாயில் ஐம்பது மத்திய அரசு, இருபது குஜராத் அரசு, முப்பது ரூபாய் முதலாளி. பேரேட்டை எத்தனை தடவை திருப்பினாலும் எனக்கு இந்தப் பங்குக் கணக்கு பிடிபடவில்லை. எழுபது போட்டவன் பங்குதாரரா, முப்பது போட்டவன் பங்குதாரரா? அந்த எழுபதில் என் 7,627-இன் ஒரு துளியும் இருக்கும். அங்கே சிப் உற்பத்தி கிடையாது. வெளிநாட்டில் செய்த மெமரி சில்லுகளை அடைத்து, சோதித்து அனுப்புவார்கள். எங்கள் பாஷையில் பேக்கிங் செக்‌ஷன். மதிப்பான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் பேக்கிங் செக்‌ஷனுக்கு எழுபது சதவீதம் கொடுத்த கை, பேக் பண்ணியது யார் வீட்டுக்குப் போகும் என்று ஒரு வார்த்தை எழுதி வாங்கியதா?

எங்கள் சிவகாசியிலிருந்து ஐயநாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு யாரும் எழுபது சதவீதம் எடுத்து வைத்துக் காத்திருக்கவில்லை. அவர்கள் தொடங்கி வைத்த ஊரில் செய்த தீப்பெட்டி, டேட்டா சென்டருக்குத்தான் என்று எங்கேயும் போய்விடவில்லை. பெட்டிக்கடையில் கிடைத்தது. ஐம்பது பைசாவில் இருந்து ஒரு ரூபாய்க்கு ஏறியதை 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாக்கப் பதினாலு வருஷம் ஆயிற்று. உங்கள் சரக்கு மூன்று மடங்காக ஒரு சீசன் போதுமானதாக இருந்தது.

2025 செப்டம்பர் 2-ஆம் தேதி பிரதமர் கையில் ‘விக்ரம்’ சிப்பைக் கொடுத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கைதட்டினோம். ராக்கெட்டுக்கான சிப் என்றார்கள். நாரணாபுரத்தில் ராக்கெட் விடச் சிப் தேவையில்லை, ஒரு காலி பாட்டில் போதும். 2025 ஆகஸ்ட் வரை நீங்கள் அனுமதித்த 10 ஆலைகள் 6 மாநிலங்களில் இருக்கின்றன. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. தகுதி இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சிப்பைத் தொடுகிறவன் உடம்பில் நிலை மின்சாரம் இருக்கக் கூடாது என்று மகன் கையில் ஒரு பட்டை கட்டிக்கொண்டான். எங்கள் பெண்கள் மருந்து அறைக்குப் போகும்போது செருப்பைக் கழற்றி, பருத்திச் சேலையோடு, வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டு அந்த மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார்கள். தவறினால் உங்கள் ஆலையில் ஒரு சிப் போகும். எங்களுக்கு ஓர் அறையே போகும், அறையில் இருக்கிற ஆட்களும் போவார்கள். இதைவிடப் பழகிய கை உங்களுக்கு எங்கே கிடைக்கும்? அறைக்கு நாலு பேருக்கு மேல் இருக்க மாட்டோம் என்று முத்திரைத்தாளில் எழுதித் தரவும் தயார்.

ஆலையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இனி எந்த மெமரி கம்பெனிக்கு மானியம் கொடுத்தாலும், இங்கே அடைக்கிற ரேமில் ஒரு பங்கு உள்நாட்டுச் சில்லறைக் கடைக்கு வர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். வரி போடத் தெரிந்த உங்களுக்கு ஒரு வரி எழுதுவது சிரமமாக இருக்காது.

தற்சமயம் என் வீட்டில் பிராசசர், போர்டு, கார்டு, எஸ்எம்பிஎஸ் எல்லாம் பூட்டித் தயாராக நிற்கிறது. ரேம் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. பழைய 4 ஜிபி குச்சி ஒன்று தருகிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அது டிடிஆர்3. 16 ஜிபியை ஒரே குச்சியாக அனுப்பாமல் இரண்டு எட்டாக அனுப்பினால் டூயல் சேனலில் வேகம் கிடைக்கும் என்று மகன் குறிப்பாக எழுதச் சொன்னான். டிடிஆர்4, 3200, 8 ஜிபி, எண்ணிக்கை இரண்டு. லேப்டாப் ரேம் வேண்டாம். கையிருப்பில் இருக்கிறதே என்று டிடிஆர்5 அனுப்பிவிடாதீர்கள், இந்த போர்டில் ஏறாது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பட்டாசுக் கம்பெனிக் கணக்கர்