அறுபது லிட்டர் வள்ளலுக்கு ஒரு வாழ்த்து

ஆடித் தள்ளுபடியில் அவதரித்த அறுபது லிட்டர் பையே, நீ வாழ்க! பாரியையும் பேகனையும் வள்ளல்கள் என்று பாடிவைத்த புலவர்கள் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்கள். ஒரு கொடிக்கு ஒரு தேர், ஒரு மயிலுக்கு ஒரு போர்வை என்று அவர்கள் கொடை அளவோடு நின்றுபோயிற்று. உன்னை முதுகில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போன ஒருவரையாவது நீ வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதுண்டா? தோளில் சிவந்த தடம், கழுத்தில் பிடிப்பு, முதுகு முழுக்க வேர்க்குரு, விரல் நுனியில் மதமதப்பு என்று கேட்காமலே அள்ளிக் கொடுப்பவன் நீ. வாங்குகிறவர் வேண்டாம் என்றாலும் விடமாட்டாய்.

உன்னைக் கண்டெடுத்த என் மைத்துனரின் கூர்மதியை முதலில் போற்றியாக வேண்டும். கடையில் அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் முத்து முத்தானவை. எத்தனை ஜிப்? லேப்டாப் வைக்க அறை உண்டா? சார்ஜர் ஒயரை வெளியே எடுக்க ஓட்டை இருக்கிறதா? போன வாரம் வாங்கிய ஷூவுக்கு இந்த ஆரஞ்சு பொருந்துமா? மலைப்பாறையில் லேப்டாப்பைத் திறந்து உட்காரும் வேளை எப்போது வருமோ, யார் கண்டது! முன்யோசனை உள்ளவர். கடைக்காரர் உன்னை ஒரே விரலில் தூக்கிக் காட்டினார். உள்ளே கசக்கிப்போட்ட பழைய செய்தித்தாள். மைத்துனர் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். “பஞ்சு மாதிரி இருக்குங்க” என்றார். பழைய பேப்பரை மலையுச்சிக்குச் சுமந்துபோகும் திட்டம் இருப்பவர்களுக்கு இதைவிட நம்பகமான சோதனை வேறில்லை.

“தோள்வாரை அமுக்கிப் பாருங்க சார், குஷன்” என்றார் கடைக்காரர். அமுக்கினோம். கட்டைவிரல் முழுசாகப் புதைந்தது. எங்களுக்கு அப்படியொரு மகிழ்ச்சி. விரலுக்கு அத்தனை எளிதாக வழிவிடுகிற ஃபோம் பத்து கிலோ பாரத்துக்கும் அதே மரியாதையோடு வழிவிட்டு, காகிதமாகப் படிந்து, வாரின் விளிம்பு மட்டும் தோளில் அறுக்கும் என்று சொல்லி அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க அங்கே யாரும் இல்லை. அழுத்தினால் திமிறி நிற்கிற ஃபோம்தான் சுமைக்கு ஆகும். ஆனால் அது கடையில் சுகம் தராது. எங்கே சுகம் தரவேண்டும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது.

உனக்கு நல்ல காலமும் பிறந்திருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, இணையத்தில் பதிவு செய்து போக வழிசெய்தது. பெரும்பாலும் காலையில் ஏறி அன்றைக்கே இறங்கிவிடுகிற நடைகள். இப்படிப்பட்ட பகல் நடைக்கு 20 முதல் 25 லிட்டர் கொள்ளும் பை போதும் என்று சொல்கிற கஞ்சர்கள் இருக்கிறார்கள். 2 லிட்டர் தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு, மழைக்கோட்டு, டார்ச், கொஞ்சம் மருந்து, ஒரு மாற்றுச் சட்டை, இதற்குமேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் வாதம். கூடாரம், தூக்கப்பை, அடுப்பு சகிதம் நாலைந்து நாள் போகிறவர்களுக்குத்தான் 60 லிட்டராம். அவர்களுக்கு உன் மனசு தெரியாது. பாதி வயிற்றோடு நீ தொங்குவதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்? அந்தக் காலி இடம்தான் என் மைத்துனரை ஒரு ஜீன்ஸ், ஒரு ஜமுக்காளம், புளூடூத் ஸ்பீக்கர், பவர் பேங்க் இரண்டு, எவர்சில்வர் அடுக்கு கேரியர், ஒரு கிலோ கைமுறுக்கு என்று தேடித்தேடி அடைக்க வைத்தது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குமேல் பகல் நடையில் சுமக்கவேண்டாம் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. அதில் தண்ணீரே 2 கிலோ. நீ ஒன்றும் போடாமலே 2 கிலோ. சிக்கனமாகத் தொடங்குவது உனக்குப் பழக்கமில்லை.

அந்த 60 எப்படி வந்தது என்று கேட்பது நன்றிகெட்டதனம். பையின் கொள்ளளவை அளக்க அமெரிக்காவில் ஒரு தரமுறை வைத்திருக்கிறார்கள். 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளைப் பை நிறையக் கொட்டி, பிறகு அந்த உருண்டைகளை அளந்து பார்க்கிறார்கள். பாவம், வேறு வேலையில்லை. உன்னைச் செய்தவர் லேபிளில் 60 என்று அச்சடித்தார், அளந்தாயிற்று.

ஆனாலும் உன் குணங்களில் தலையாயது சமத்துவம். ஆறடி ஆளும் ஐந்தடி ஆளும், ஆணும் பெண்ணும், பள்ளி மாணவனும் ஓய்வூதியக்காரரும் உனக்கு ஒன்றே. ஜவுளிக்கடை நைட்டி மாதிரி நீ ஃப்ரீ சைஸ். சுகமான பை செய்கிறேன் என்று மெனக்கெடுகிறவர்கள்தான் மனிதர்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அவர்கள் ஆளின் உயரத்தைக்கூட நம்புவதில்லை, முதுகின் நீளத்தை அளக்கிறார்கள். தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், அங்கிருந்து தொடங்குவார்கள். இரு கைகளையும் இடுப்பில் ஊன்றிக் கட்டைவிரல்களை முதுகுப்பக்கம் நீட்டினால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு தட்டுப்படும். இரண்டு கட்டைவிரல்களுக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டு, கழுத்தெலும்பிலிருந்து அந்தக் கோடுவரை அளக்கவேண்டும். தையல் நாடா ஒன்றும் உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் ஒரு நிமிட வேலை. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளமாகவும் இன்னொருவருக்கு முதுகு நீளமாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால்தான் நல்ல பைகள் இரண்டு மூன்று அளவுகளில் வருகின்றன, அல்லது தோள்வாரை மேலும் கீழும் நகர்த்திக்கொள்ளும் வசதியோடு வருகின்றன. பெண்களுக்கென்று முதுகு குட்டையாக, தோள்வார் நெருக்கமாக, மார்பை அழுத்தாமல் வளைந்து போகும்படி தனியாகவும் தைக்கிறார்கள். இந்தப் பாகுபாடெல்லாம் உன்னிடம் செல்லாது. யாருக்கும் பொருந்தாமல் இருப்பதில் நீ பாரபட்சம் பார்ப்பதே இல்லை.

உன் இடுப்புப்பட்டையைப் பாட எனக்கு ஒரு நாக்கு போதாது. ஓர் அங்குல அகலத்தில் வெறும் நாடா, நுனியில் ஒரு பிளாஸ்டிக் பக்கிள். மெத்தை இல்லை, விறைப்பு இல்லை. சுமையில் பெரும்பகுதியை இடுப்பெலும்பு தாங்கவேண்டும், தோள்கள் பையை முதுகோடு அணைத்துப் பிடித்தால் போதும் என்பது மலைநடைக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. பட்டை உட்காரவேண்டிய இடம் வயிறு அல்ல, இடுப்பெலும்பின் விளிம்பு. நம் ஊர்ப் பெண்கள் நிறைகுடத்தை இடுப்பில் வைத்து ஒரு கையால் அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை வீசி நடந்ததும் அந்த எலும்பின் தயவில்தான். ஆஷர் கெல்ட்டி என்கிற அமெரிக்கருக்கு அது ஜீன்ஸ் பையின் வழியாகப் புலப்பட்டது. கலிபோர்னியாவின் சியரா மலையில் நடந்துகொண்டிருந்தபோது, பையைத் தாங்கும் சட்டத்தின் கீழ்முனைகளை ஜீன்ஸின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தாராம். தோளை அழுத்திய பாரம் இடுப்புக்கு இறங்கிவிட்டது. 1952இல் அவரும் மனைவி நீனாவும் வீட்டிலேயே அலுமினியச் சட்டம் வைத்த பைகளைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1963இல் எவரெஸ்ட் ஏறிய அமெரிக்கக் குழு அவருடைய பைகளைச் சுமந்து போனது. 1967இல் கிரெக் லோ என்பவர் சட்டத்தைப் பைக்குள்ளேயே ஒளித்துவைத்தார். இத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தை நீ ஒரு நாடாவில் முடித்துவிட்டாய். சட்டம் எங்கே என்று உன் முதுகுப்பக்கத் துணிக்குள் விரல் விட்டுத் துழாவினேன். ஓர் அட்டை அகப்பட்டது. தினசரி காலண்டர் அட்டையின் தடிமன்.

தோள்வாருக்கு மேலே இரண்டு குட்டி வார்களும் வைத்திருக்கிறாய். நல்ல பையில் இவை தோளுக்கு மேலே பையின் தலையிலிருந்து ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் இறங்கி, பாரம் பின்னால் சாயாமல் இழுத்துப் பிடிக்கும். உன்னில் தோள் மட்டத்திலேயே தைத்துவிட்டார்கள். இழுத்தால், இழுத்த திருப்தி கிடைக்கிறது.

உன் புகழ் உச்சிக்குப் போனது கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரியில். பிப்ரவரி முதல் மே வரை பக்தர்களை அனுமதிக்கிற அந்த ஏழு மலைகளையும் வெயிலுக்குப் பயந்து பலரும் இரவில்தான் ஏறுவார்கள். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கழி வாங்கிக்கொண்டு புறப்பட்டோம். முதல் மலை செங்குத்தான கல்படிகள். அங்கேயே நீ வேலையைத் தொடங்கிவிட்டாய். மைத்துனர் முன்னால் குனிய, நீ பின்னால் இழுக்க, படிக்குப் படி இந்த வழக்கு நடந்தது. இடுப்பு நாடா மெல்ல ஏறித் தொப்புளுக்கு மேலே உட்கார்ந்து, சாயங்காலம் சாப்பிட்ட இட்லியை விசாரித்தது. ஸ்பீக்கர் வெளிப்பையில் இருந்தது. கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கவேண்டும் என்ற விதி அதற்குத் தெரியாது. திருப்பத்துக்குத் திருப்பம் அவரைப் பள்ளத்தின் பக்கம் தள்ளிப் பார்த்தது. கேரியர் மூடி தாளம் போட்டது. வெள்ளை விநாயகர் கோயில் வருவதற்குள் அவர் இரண்டு தோள்வார்களுக்கும் அடியில் கட்டைவிரல்களைக் கொடுத்துத் தாங்கியபடி நடந்தார், கழி கக்கத்தில். கையில் கழி இருந்தும் ஊன்றமுடியாத நிலையை அருளியவன் நீ. மஞ்சள் பையும் ஒரு போர்வையுமாக ஏறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஏந்தம்பி, வூட்டைக் காலி பண்ணிட்டு வந்துட்டீங்களாக்கும்?” என்றார். மைத்துனர் பதில் சொல்லவில்லை. அதற்கும் மூச்சு வேண்டுமே.

அந்த ஏற்றத்தில் மைத்துனரின் விரல்களும் மரத்துப்போயின. அதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. மருத்துவ நூல்களில் ஏறிய பெருமை அது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓடும் நரம்புக்கற்றையைப் பையின் வார் நெடுநேரம் அழுத்தினால் கை மரக்கும், வலுவிழக்கும், சிலருக்குத் தூக்கவே வராது. இதற்கு ரக்சாக் பால்சி என்று பையின் பெயரையே வைத்திருக்கிறார்கள் மருத்துவர்கள். மூட்டை சுமந்து அணிவகுக்கிற ராணுவ வீரர்களுக்கு வருவது. பாரத்தை இடுப்புக்கு இறக்குகிற பட்டையும் சட்டமும் இருந்தால் இந்த ஆபத்து குறையும். பட்டாளத்தில் சேராமலே ஒரே இரவில் என் மைத்துனரை அதன் வாசல்வரை கூட்டிப்போய்க் காட்டினாய். விலை உயர்ந்த எந்தப் பைக்கு இந்தத் திறமை வரும்?

காற்றோட்டத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1984இல் ஜெர்மனியின் டாய்ட்டர் நிறுவனம் முதுகுக்கும் பைக்கும் நடுவே வலையை விறைப்பாக இழுத்துக் கட்டி, இடையில் காற்று போகவிட்டது. (அதிலும் ஒரு சங்கடம் உண்டு. பாரம் முதுகைவிட்டு விலகி நிற்பதால் கனம் கூடினால் பின்னால் இழுக்கும். நம் வெயிலில் பகல் நடைக்கு நல்லது, பெருஞ்சுமைக்கு ஆகாது.) நீ அந்த வலையை ஃபோமின்மேல் பசைபோட்டு ஒட்டிக்கொண்டாய். காற்று வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறது. மழைக்கும் நீ அஞ்சுவதில்லை. வாட்டர்ப்ரூஃப் என்று மார்பில் எழுதிவைத்திருக்கிறாய். அது பொய்யில்லை. தையலும் ஜிப்பும் தண்ணீரை உள்ளே விடும். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போய்விடாமல் துணி காப்பாற்றும்.

இப்போது நீ மைத்துனர் வீட்டுப் பரணில் கம்பளிகளைச் சுமந்துகொண்டிருக்கிறாய். அந்த வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமானவன் இல்லை. இதை மட்டும் கேலியில்லாமல் சொல்கிறேன்.

படிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். பை வாங்கப் போகும்போது 2 லிட்டர் பாட்டில்கள் மூன்றில் தண்ணீர் நிரப்பிக் கொண்டுபோங்கள். கடைக்காரர் அடைத்துவைத்த காகிதத்தை எடுத்துவிட்டு அவற்றை உள்ளே வையுங்கள். எல்லா வார்களையும் தளர்த்தி மாட்டிக்கொண்டு, முதலில் இடுப்புப்பட்டையை எலும்பின்மேல் இறுக்குங்கள். பிறகு தோள்வார், அப்புறம் அதற்கு மேலே உள்ள குட்டி வார், கடைசியில் மார்புப்பட்டை. கால்மணி நேரம் கடைக்குள்ளேயே நடந்து, மாடிப்படி ஏறி இறங்கிப் பாருங்கள். அதற்கு இடம் கொடுக்காத கடையில், பாதி விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள்.